டீச்சர் கம்பெனி

எங்கள் வீட்டில் அம்மா டீச்சர், பெரியம்மா டீச்சர், அத்தைமார் இரண்டு பேரும் டீச்சர். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் நின்று "டீச்சர்" என்று கூப்பிட்டால் எட்டு வீட்டு ஜன்னல் திறக்கும். நான் மட்டும் செத்தாலும் டீச்சர் ஆகமாட்டேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். படித்து முடித்து, கூடப் படித்த தோழியைச் சேர்த்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, சொந்தமாகக் கம்பெனி போர்டும் மாட்டினேன். அந்தக் கம்பெனிக்கு முதல் பெரிய வேலை ஒரு நூல் மில்லில் கிடைத்தது. முதல் நாள் கேட்டைத் திறந்த வாட்ச்மேன் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். சேலை, தோளில் பை, கையில் குடை. உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார்.

"ஸ்டோருக்கு ரெண்டு டீச்சர் வந்திருக்காவ!"

கர்த்தரே, எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "நாங்க டீச்சர் இல்ல, சாஃப்ட்வேர் கம்பெனி" என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "சரி டீச்சர், அங்கன நேரா போங்க" என்றார். என் தோழி குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவளும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். நானும் அவளை அப்படியே கூப்பிட்டேன். இது நடந்து பதினைந்து வருஷம் ஆகிறது.

எந்த மில் என்று கேட்காதீர்கள். விக்கிரமசிங்கபுரத்துப் பெரிய மில் இல்லை. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வெகுகாலம் கழித்து வந்த சின்ன மில்களில் ஒன்று, சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். தோழி மேலப்பாளையத்துக்காரி. வாரம் இரண்டு நாள் அவளும் நானும் ஜங்ஷனில் சந்தித்துக்கொண்டு கிளம்புவோம். அவள் உம்மா கட்டிக்கொடுக்கும் டப்பாவை நானும், என் அம்மா கட்டிக்கொடுக்கும் டப்பாவை அவளும் சாப்பிடுவோம். என் அம்மாவுக்கு இது தெரியாது. "நான் வைக்கிற புளிக்கொழம்பு ஒனக்கு அம்புட்டு புடிக்குமா, டப்பாவ நக்கி வச்சிருக்கியே" என்று பூரித்துப்போவாள். நக்கினது நான் இல்லை.

ஜன்னல் ஓரம் எனக்குத்தான். சண்டை போட்டுப் பிடித்துக்கொள்வேன். வயலும் வாய்க்காலும் போகும், கொஞ்ச தூரம் ஆறு கூடவே வரும், பிறகு மறைந்துவிடும். அவள் அது எதையும் பார்க்க மாட்டாள். மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, முந்தின நாள் ஓடாமல் நின்ற இடத்தை யோசித்துக்கொண்டே வருவாள். திடீரென்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடிப்பாள். வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அந்த அடி இன்னும் வலிக்கிறது, ஆனால் இப்போது வேறு மாதிரி.

மில்லில் எங்கள் வேலை ஸ்டோரில். ஒரு மிஷினில் ஏதாவது உடைந்தால் மாற்றுச் சாமான் எடுத்துக் கொடுக்கிற இடம் அது. பெரிய கொட்டகை, தரையிலிருந்து கூரைவரை அலமாரி, அலமாரி நிறைய இரும்பும் ரப்பரும் பித்தளையும். ஸ்டோருக்குப் பொறுப்பு ஒரு அண்ணாச்சி. நெற்றி நிறைய திருநீறு, சட்டைப் பையில் நான்கு பேனா. முதல் நாளே எங்களை நடுவில் நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், இங்கன பாருங்க. இந்தச் சாமானுக்குப் புஸ்தகத்துல பன்னெண்டு எழுத்துல ஒரு நம்பர் போட்டிருக்கான். நம்மாளுவ எவன் வாயிலயும் அது வராது. ஓடி வருவான், 'அண்ணாச்சி, ரெண்டு வடை குடுங்க'ம்பான். எந்த வடைன்னு நாந்தான் தெரிஞ்சுக்கிடணும்."

வடை என்பது நடுவில் ஓட்டை உள்ள ஒரு ரப்பர் வளையம். அதில் சின்ன வடை, பெரிய வடை, கறுத்த வடை, பாதி வெந்த வடை என்று நாலு ஜாதி. நண்டு என்று ஒரு பிடி. கிளிமூக்கு என்று ஒரு கொக்கி. மாமியார் என்று ஒரு பல்சக்கரம் இருந்தது. எண்ணெய் விட்டாலும் கத்தும், விடாவிட்டாலும் கத்தும் என்பதால் அந்தப் பேர். இப்படி நானூறு, ஐந்நூறு பேர்கள். எல்லாம் அந்த ஒருத்தர் மண்டைக்குள் இருந்தன. அவர் காய்ச்சலில் படுத்தால் மில்லில் ஒரு பக்கம் நின்றுவிடும்.

எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் நம்பரை வைத்துத்தான் எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஒருத்தரும் அதைத் தொடவில்லை. என் தோழிதான், "டீச்சர், வடைன்னு அடிச்சா வடை வரணும், அவ்வளவுதானே?" என்றாள். அவ்வளவுதான். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மாதம் ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, பேர் கேட்டு, படம் பிடித்து ஏற்றினோம். தமிழ்ப் பேரை ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். எந்த அலமாரி, எந்தத் தட்டு, எத்தனை இருக்கிறது, புத்தகத்தில் என்ன நம்பர் எல்லாம் வந்து நிற்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, அதுபோல ஒன்றை நான் பிறகு எழுதவே இல்லை. திரையின் அடியில் அவள் விளையாட்டாக ஒரு வரி வைத்தாள்: 'புரியவில்லை என்றால் டீச்சரைக் கூப்பிடவும்.' கீழே இரண்டு பேர் போன் நம்பரும்.

கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார்கள். பெருநாள் அன்றைக்கு அவள் பிரியாணிக் கையோடு பேசினாள். மூன்று வருஷம் அப்படி ஓடியது. வேறு சின்னக் கடைகளுக்கும் எழுதினோம்தான். ஆனால் அறை வாடகையும் எங்கள் சோறும் மில்லை நம்பித்தான். மில் போனால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான், அது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் வருஷக் கடைசியில் மில் கைமாறியது. கோயம்புத்தூர்ப் பக்கத்து முதலாளிகள், ஏழெட்டு மில் வைத்திருந்தவர்கள், வாங்கிவிட்டார்கள். எல்லா மில்லுக்கும் ஒரே சாஃப்ட்வேர் போடப் போகிறார்கள், ஒரு பெரிய கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள் என்று அண்ணாச்சி போனில் சொன்னார். "நீங்களும் வந்து காட்டுங்க டீச்சர். இதப் பாத்தான்னா வேற எதையும் வாங்க மாட்டான்" என்றார். அவரைவிட எனக்கு அதில் நம்பிக்கை.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு படிவம் அனுப்பினார்கள். கம்பெனி தொடங்கிய வருஷம், ஊழியர் எண்ணிக்கை, வேறு எத்தனை ஊரில் ஆபீஸ் என்று கேள்விமேல் கேள்வி. அதில் ஒன்று: மில்லில் கோளாறு வந்தால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் தீர்க்காவிட்டால் அவருக்கு மேலே யார், அவருக்கும் மேலே யார்? நாங்கள் மொத்தமே இரண்டு பேர். முதல் வரியில் அவளை எழுதினோம், இரண்டாவதில் என்னை. மூன்றாவதற்கு ஆள் இல்லை. "உங்க அம்மாவப் போடு, பெரிய டீச்சர்" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் மறுபடியும் அவள் பேரையே எழுதினோம். அந்தப் படிவம் எதற்காக என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை.

கூட்டம் மில் ஆபீஸ் மாடியில். தலைமை ஆபீசிலிருந்து மூன்று பேர். அதில் வாங்குகிற பொறுப்பில் இருந்த மேனேஜர்தான் பேசினார். கோயம்புத்தூர்க்காரர், நரைத்த மீசை, குரலை உயர்த்தாத மனிதர். நாங்கள் ஓட்டிக் காட்டினோம். 'வடை' அடித்ததும் நாலு வடையும் படத்தோடு வந்தன. கூட வந்த இளைஞர் சிரித்தேவிட்டார். மேனேஜருக்கும் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டு அவரிடமே கேட்டார்.

"எந்தக் கம்பெனிங்க இத செஞ்சு குடுத்தது?"

எங்கள் போர்டில் அழகாக ஓர் ஆங்கிலப் பேர் இருந்தது. அதை ஒரு மாதம் யோசித்து வைத்தேன். அண்ணாச்சி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"டீச்சர்தான்."

"டீச்சர்னு கம்பெனிங்களா?"

"ஆமா, டீச்சர் கம்பெனி. ஒண்ணுன்னா டீச்சரக் கூப்பிடுவோம், பஸ்ஸு புடிச்சு வந்துருவாவ."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "அம்மணி, நீங்க பள்ளிக்கொடத்துல வேல செய்யறீங்களா? இது லீவு நாள்ல செய்யறதுங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "நாங்க டீச்சர் இல்ல சார். முழு நேரமும் இதுதான் வேலை" என்றேன். பாவம் அண்ணாச்சி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "இவுக அம்மைதான் சார் டீச்சர்" என்று சேர்த்துக்கொண்டார். தோழி என் காலை மேஜைக்கு அடியில் மிதித்தாள், சிரித்துத் தொலைக்காதே என்று. நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

மேனேஜர் படிவத்தைப் புரட்டினார். மூன்று வரியில் இரண்டு பேர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு, திட்டுகிற மாதிரி இல்லை, வீட்டுப் பெரியவர் விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டார்.

"ரெண்டே பேருங்க. ரெண்டு பேரும் சின்னப் பொண்ணுங்க. நாளைக்குக் கண்ணாலம் கட்டிட்டு வெளியூரு, வெளிநாடுன்னு போயிட்டீங்கன்னா, நாங்க யாருகிட்டப் போய் நிக்கறதுங்க அம்மணி?"

அவ்வளவுதான். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆம்பிளை இரண்டு பேர் வந்திருந்தால் இதைக் கேட்டிருப்பீர்களா, பெரிய கம்பெனியில் ஆள் மாறுவதே இல்லையா, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருந்து எழுந்துவந்து போன் எடுக்கிற பெரிய கம்பெனி எது, காட்டுங்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். கீழே தறிச் சத்தம் இல்லாத மில் அது, நூற்பு மட்டும்தான். ஆனாலும் அந்த மிஷின் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்டதாக வாட்ச்மேன் பிறகு சொன்னார்.

"நாங்க எங்கயும் போகமாட்டோம்!" என்று முடித்தேன்.

பக்கத்து நாற்காலியில் தோழி தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசுகிற இடத்தில் அவள் பேசாமல் இருப்பது வழக்கம்தான். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்து இறங்கும்போது மேனேஜர் படியில் எங்களை நிறுத்தினார். கோபமே இல்லை அவருக்கு. "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "உங்க சாமானம் அருமைங்க. நாளைக்கு வர்றவங்களோடது இதுல பாதி நல்லா இருக்காது, எனக்கே தெரியும். ஆனா அது கெட்டு மில்லு நின்னா, மொதலாளி எங்கிட்ட, 'இத்தன பெரிய கம்பெனியே இப்படிப் பண்ணிப்போட்டான்'னு அவனத்தான் வைவாரு. உங்களோடது நின்னா, 'ரெண்டு புள்ளைங்ககிட்டப் போயி ஏன் வாங்குனே'ன்னு என்னைய வைவாரு. நல்ல சாமானம் வாங்கறது பாதி வேலைங்க. தப்பாப் போனா நான் நிக்கறதுக்கு ஒரு எடம் வேணுமில்லங்க?"

எனக்கு அது பயந்தாங்கொள்ளிப் பேச்சாகப் பட்டது. அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, பஸ் ஸ்டாப்வரை அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருந்தது. புது முதலாளிகள் தணிக்கைக்கு அனுப்பியிருந்தவர்கள், எங்கள் சாஃப்ட்வேரின் பூட்டுச் சொல், அதாவது பாஸ்வேர்டு, 'டீச்சர்' என்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மில்லில் பூனைக்குட்டிக்குக்கூட அது தெரியும். பட்டியல் முழுவதையும் எடுக்கவோ மாற்றவோ வேண்டுமென்றால்தான் அந்தச் சொல் தேவை, சும்மா தேடிப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் உடனே மாற்றுங்கள், ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால் போதும், உறையில் போட்டு ஒட்டி ஆபீசில் கொடுங்கள் என்றார்கள். அவள் ஸ்டோருக்குள் போய் மாற்றினாள். நான் வெளியே நின்று அண்ணாச்சியைக் கோபித்துக்கொண்டிருந்தேன்.

"கம்பெனி பேரு என்னன்னு கேட்டா, பேரச் சொல்ல வேண்டியதுதான அண்ணாச்சி?"

"அந்தப் பேரு வாயில வரலியே டீச்சர்" என்றார், குற்றவாளி மாதிரி. பன்னிரண்டு எழுத்து நம்பரைச் சொல்ல வராத வாய்க்கு நான் வைத்த பேரும் வரவில்லை. அதற்குமேல் என்ன கோபிக்க?

மூன்று வாரம் கழித்து, அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது அவள் சொன்னாள். மச்சானுக்கு, அதாவது அவள் மாப்பிள்ளைக்கு, ஷார்ஜாவில் விசா மாறிவிட்டது, குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அடுத்த மாதம் கிளம்ப வேண்டும் என்று. அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை லீவில் வருவார் போவார், இப்படியே ஓடிவிடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"கூட்டத்துக்கு ஒரு மாசம் முந்தி."

டப்பாவை மூடினேன். அன்றைக்கு நான் பேசினதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பொய்க்காரி என்றேன். நீ கிளம்புவது அவர்களுக்குத் தெரிந்துதான் நம்மை வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள் என்றேன். அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை, அது எனக்கும் தெரியும். என்னை அவ்வளவு பேர் முன்னால் பொய் சொல்ல வைத்தாயே என்றேன். அவள் அழவில்லை. நேராகப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏட்டி, நாங்க எங்கயும் போகமாட்டோம்னு கத்தினியே. அந்த 'நாங்க'ல நானும் உண்டுல்லா? கத்துறதுக்கு முந்தி என் மொகத்த ஒரு தடவ பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேனேஜர் கேட்ட கேள்விக்குப் பதில் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதை ஒத்துக்கொள்ள எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை. "போ, போய் நல்லா இரு" என்று சபிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அந்த வாரமே கடிதம் வந்தது. பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் திருவனந்தபுரத்துக்கு வண்டியேறிய அன்று வழியனுப்பப் போகவில்லை. அவள் உம்மா ஆளனுப்பினாள், தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். அறையில் தனியாக உட்கார்ந்து, பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் ஒரு விமானம் போகிறதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டை ஜன்னலில் எங்கே தெரியும்?

பொய் சொல்லக் கூடாது, பெரிய கம்பெனிச் சாமான் நன்றாகத்தான் ஓடியது. வடை, நண்டு எல்லாம் கிடையாது. நம்பர்தான். ஆட்கள் திணறினார்கள், முனகினார்கள், பழகிக்கொண்டார்கள். அந்தக் கம்பெனியின் பேர்கூட இரண்டு தடவை மாறியதாம், யாரோ வாங்க, வேறு யாரோ வாங்க. ஆனால் எப்போது கூப்பிட்டாலும் போனை எடுக்க ஓர் ஆள் இருந்தான். அவனுக்குக் கோயில் கிடையாது, பெருநாள் கிடையாது, கல்யாணம் கிடையாது. ஒருத்தன் போனால் அந்த நாற்காலியில் இன்னொருத்தன் உட்காருவான், கூப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மேனேஜர் வாங்கினது அந்த நாற்காலியைத்தான். இரண்டு வருஷம் முன்னால் அம்மாவுக்காக வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் ஊர்ப்பையன் செய்தது ஒன்றைக் காட்டி, மலிவு, நல்லாவும் இருக்கும் என்றார். "நாளைக்கு ரிப்பேர்னா யாரு வருவா?" என்று என் வாய் கேட்டது. பேர்பெற்ற கம்பெனியுடையதையே வாங்கிக்கொண்டு வந்தேன். ஆட்டோவில் வரும்போது எனக்கு அந்த நரைத்த மீசை ஞாபகம் வந்தது. அவர்மேல் இருந்த கோபம் பாதி அன்றைக்குத் தீர்ந்தது.

நான் போர்டைக் கழற்றவில்லை. மெடிக்கல் ஷாப்புகள், ஒரு ரைஸ்மில், இரண்டு பள்ளிக்கூடத்து ஃபீஸ் கணக்கு என்று சில்லறை வேலைகளைப் பிடித்துக்கொண்டு அதே மாடியிலேயே இருக்கிறேன். எதிர் நாற்காலியையும் எடுக்கவில்லை. அதில் பைல்களை அடுக்கி வைத்திருக்கிறேன். என் போனில் அவள் பேர் இன்றைக்கும் 'டீச்சர்' என்றுதான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அவள் படம் மாறும். முதலில் கடற்கரை, அப்புறம் கைக்குழந்தை, அப்புறம் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண். மாறும்போதெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒரு வார்த்தை அனுப்ப மாட்டேன். வீம்பு, வேறென்ன? பன்னிரண்டு வருஷ வீம்பு.

போன மாதம் ஸ்டோர் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"டீச்சர், இருக்கியளா?"

நலமா என்று கேட்கவில்லை. இருக்கிறேனா என்றுதான் கேட்டார். இருக்கேன் அண்ணாச்சி என்றேன். அவருக்கு மாதக் கடைசியில் ஓய்வு. "நம்ம மிஷினு இன்னும் ஓடுது டீச்சர். பெரிய கம்பெனிச் சாமான் வந்த பொறவும் மூலையில துணியப் போட்டு மூடி வச்சிருக்கேன். எவனும் வடைன்னு வந்து நின்னா, இதுல பாத்து நம்பர எடுத்து அதுல போட்டுருவேன். நான் போன பொறவு வாரவனுக்கு எந்த வடைன்னு யாரு சொல்லுவா? பட்டியல மொத்தமா எடுத்து அவன் கையில குடுத்துட்டுப் போயிரணும். ஒரு எட்டு வாங்களேன்."

மறுநாளே போனேன். பஸ் ஒன்று மிச்சம், இப்போது நேர் வண்டி இருக்கிறது. ஜன்னல் ஓரம் சண்டை போடாமலே கிடைத்தது. மில் கேட்டில் வாட்ச்மேன் புது ஆள். அவர் என்னைப் பார்த்ததும், "யாரு, டீச்சரா?" என்றார். கேட்டு வைத்திருந்திருக்கிறார். பழைய கோபம் வரவில்லை, எனக்கு அழுகைதான் வந்தது.

கொட்டகையின் மூலையில் துணியை எடுத்துவிட்டு அண்ணாச்சி மிஷினைப் போட்டார். பைய, முனகிக்கொண்டு எழுந்தது. அதே மஞ்சள் திரை. 'புரியவில்லை என்றால் டீச்சரைக் கூப்பிடவும்.' கீழே இரண்டு நம்பர். 'வடை' அடித்தேன், நாலு வடையும் வந்தன. பட்டியலை எடுக்கப் போனேன், பூட்டுச் சொல் கேட்டது.

"உறையில போட்டுக் குடுத்தோமே அண்ணாச்சி?"

"ஆபீசு ரெண்டு தடவ எடம் மாறிட்டு டீச்சர். எங்கன போய்த் தேட?"

'டீச்சர்' என்று அடித்தேன். இல்லை. அவள் பேர், என் பேர், மில் பேர், ஒன்றும் இல்லை. அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாதம் முடிய எட்டு நாள்தான் இருந்தது. அவர் வாழ்நாள் பூராவும் மண்டையில் வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் கிடந்தது, அந்தச் சொல் தெரிந்தவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். மேனேஜர் அன்றைக்கு விரலை வைத்தாரே படிவத்தில், அதே இடத்தில்தான் நான் இப்போது நின்றேன்.

போனை எடுத்து 'டீச்சர்' என்ற பேரை அழுத்தினேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க டீச்சர்."

நேற்றுப் பேசிவிட்டு வைத்தது மாதிரி. நலமா, பிள்ளை நலமா, நான் அன்றைக்குப் பேசினது தப்பு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒன்றும் வெளியே வரவில்லை. "மில்லுல இருக்கேன். பூட்டுச் சொல்லு என்ன வச்சே?" என்று மட்டும் கேட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருத்தி கேட்கிற கேள்வியா இது?

அந்தப் பக்கம் அவள் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சொன்னாத் திட்டக் கூடாது."

"திட்டல, சொல்லு."

"அன்னைக்கு நீ மேல கத்துன பாரு. கடைசியாக் கத்துனது. அதத்தான் போட்டேன், இங்கிலீஷ் எழுத்துல, எடம் விடாம. போறேன்னு வாய்தொறந்து சொல்ல முடியல எனக்கு. அதையாவது அங்கன வச்சுட்டுப் போவோம்னு..."

அடித்தேன். நாங்கஎங்கயும்போகமாட்டோம். கண்ணீர் மறைத்ததில் இரண்டு தடவை பிழையாக அடித்து, மூன்றாவது தடவை திறந்தது. சாமான்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓட ஆரம்பித்தன, நண்டு, கிளிமூக்கு, மாமியார். அண்ணாச்சி கையைத் தட்டி, "தெறந்துட்டு, தெறந்துட்டு!" என்றார்.

போனில் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஏட்டி, என்ன ஆச்சு? வச்சிட்டியா? இருக்கியா நீ?"

"இருக்கேன் டீச்சர்" என்றேன். "வைக்காத."